டைப் ரேட்டிங்கை முதலில் முடிப்பதா, வேலை கிடைத்த பிறகா? ஏ320 செலவும் விமானி நேர்முகத் தேர்வும்

காற்றுத்திசை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். சிபிஎல் (வணிக விமானி) உரிமம் கைக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. பறப்பு நேரம் 200 மணியைச் சற்றே தாண்டும். இரட்டை எஞ்சின் ரேட்டிங், கருவிப் பறப்பு ரேட்டிங் இரண்டும் இருக்கின்றன. முதல் வகுப்பு மருத்துவச் சான்று நடப்பில் இருக்கிறது. டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) தாள்கள், ஆர்டிஆர் (வானொலித் தொடர்பு உரிமம்) எல்லாம் முடிந்துவிட்டன. வேலை மட்டும்தான் பாக்கி.

விமான நிறுவனங்களின் அறிவிப்பு இரண்டு விதமாக வருகிறது. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட ஒரு வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது ஒன்று. அது எப்போதாவதுதான் வரும், வந்தால் கூட்டம் அலைமோதும். "ஏ320 டைப் ரேட்டிங் பெற்ற துணை விமானிகள் தேவை" என்பது இன்னொன்று. இதைப் பார்க்கும்போதெல்லாம் உடனே போய்ச் சேர்ந்துவிடலாமா என்று கை துறுதுறுக்கிறது. இரண்டு பயிற்சி மையங்களில் விசாரித்தேன். தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பதினைந்து லட்சத்துக்குக் குறையாது என்று தெரிகிறது.

பறப்புப் பயிற்சிக்காக ஊரில் இருந்த நிலம் ஏற்கெனவே போய்விட்டது. "இவ்வளவு செய்தாயிற்று, இதையும் முடித்துவிடு" என்கிறார் அப்பா. அம்மா எதுவும் சொல்வதில்லை. நகைப்பெட்டியை மட்டும் அலமாரியில் இடம் மாற்றி வைத்திருக்கிறார்.

நேர்முகத் தேர்வில் டைப் ரேட்டிங் வைத்திருப்பவனுக்கு உண்மையிலேயே எவ்வளவு கூடுதல் மதிப்பு? ஏர்பஸ் ஏ320 எடுப்பதா, போயிங் 737 எடுப்பதா, சிறிய ஏடிஆர் எடுப்பதா? தேர்வுக் குழுவில் உட்கார்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

மீனம்பாக்கத்தான்

தம்பி, அந்த அறிவிப்பின் தலைப்பை மட்டும் படித்துவிட்டுக் கலங்காதீர்கள். அடியில் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். அந்த வகை விமானத்தில் இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும், கடைசியாகப் பறந்தது இத்தனை மாதங்களுக்குள் இருக்க வேண்டும், திறன் சோதனை நடப்பில் இருக்க வேண்டும் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். வேறு நிறுவனத்தில் ஏற்கெனவே துணை விமானியின் வலது இருக்கையில் உட்கார்ந்து பயணிகளைச் சுமந்துகொண்டிருப்பவரைத்தான் அங்கே தேடுகிறார்கள். அவரை எடுத்தால் தங்கள் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்து, சில பறப்புகளை மேற்பார்வையில் விட்டு, அட்டவணையில் போட்டுவிடலாம். உரிமத்தில் ஏ320 முத்திரை இருந்தும் ஒரு பயணியைக்கூட ஏற்றிப் பறக்காதவர் அந்த வரிசையில் நிற்க முடியாது.

ரேட்டிங்கின் மதிப்பைச் சந்தைதான் நிர்ணயிக்கிறது. 2019 மார்ச்சில் 737 மேக்ஸ் உலகம் முழுவதும் தரையில் நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் 17ஆம் தேதி ஜெட் ஏர்வேஸ் கடைசியாகப் பறந்தது. ஜெட்டின் உள்நாட்டுச் சேவையைப் பெரும்பாலும் சுமந்தது 737. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்களே வேலை கேட்டு நின்றார்கள். சிலர் ஸ்பைஸ்ஜெட்டுக்குப் போனார்கள், சிலர் ஏ320 பக்கம் மாறி முதலிலிருந்து படித்தார்கள். அந்த நேரத்தில் சொந்தப் பணத்தில் 737 முடித்துவிட்டு வந்த 200 மணி நேரப் பிள்ளைகளை யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? மேக்ஸ் இந்தியாவில் மறுபடி பறக்க அனுமதி கிடைத்தது 2021 ஆகஸ்டில்தான்.

பிறகு 2022 ஆகஸ்டில் ஆகாசா ஏர் புத்தம் புது மேக்ஸ்களோடு வந்தது, 737க்கு மறுபடியும் மவுசு. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது. அதன் விமானங்கள் எல்லாம் ஏ320 வகை. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்ததாக அறிவித்திருந்தது. ஜூனில் இண்டிகோ ஒரே மூச்சில் 500 ஏ320 குடும்ப விமானங்களை ஆர்டர் செய்தது. அதனால் கோ ஃபர்ஸ்ட் விமானிகளில் பலருக்குச் சீக்கிரமே இடம் கிடைத்தது. ஒரே 737 ரேட்டிங், மூன்று ஆண்டு இடைவெளியில் ஒருமுறை காகிதம், ஒருமுறை தங்கம்.

இரவுப் பணி

மீனம்பாக்கத்தான் ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் அவர் சொன்னது பாதிப் படம்தான். நான் சொந்தச் செலவில் ஏ320 முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். ஒரு மணி நேர ஜெட் அனுபவம்கூடக் கிடையாது. எங்கள் அணியில் இன்னும் சிலர் அப்படித்தான் வந்தார்கள்.

காரணம் எளிது. விமானம் வந்து இறங்கும் வேகத்துக்கு நிறுவனங்களிடம் சிமுலேட்டர் (போலிப் பறப்புக் கருவி) நேரம் இருப்பதில்லை. புதிதாக ஒருவனை எடுத்தால் வகுப்பறைப் பாடம், நடைமுறைப் பயிற்சிக் கருவி, முழு சிமுலேட்டர், உண்மை விமானத்தில் ஏறி இறங்கும் பயிற்சி எனப் பல மாதம் ஓடும். ரேட்டிங் உள்ளவனுக்குச் சுருக்கப் பயிற்சி போதும். ஆள் பற்றாக்குறை முற்றும் மாதங்களில் அந்தக் கதவைத் திறப்பார்கள். 2025 டிசம்பரில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். புதிய பணி நேர விதிகளின்படி வாராந்திர ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி ஆனது, இரவுத் தரையிறக்கங்களுக்கும் வரம்பு இறுகியது. நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம் ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. இப்படிப்பட்ட நேரத்தில் கையில் ரேட்டிங் இல்லாதவன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. விமான நிறுவனத்தில் எல்லாம் பணிமூப்பு வரிசைதான். எந்த ஊரில் பணி, எப்போது விடுப்பு, எப்போது கேப்டன் இருக்கைக்கான வாய்ப்பு, அனைத்தும் சேர்ந்த தேதியைப் பொறுத்தவை. ஆறு மாதம் முன்னால் சேர்ந்தவன் வாழ்நாள் முழுவதும் ஆறு மாதம் முன்னால்தான் இருப்பான். கேப்டன் சம்பளத்தை ஓராண்டு முன்னதாக வாங்கினாலே டைப் ரேட்டிங் செலவு திரும்பிவிடும்.

கோவை அப்பா

நான் விமானி இல்லை. விமானிக்குப் பணம் கட்டியவன்.

என் மகன் சிபிஎல் முடித்த கையோடு ஒரு தரகர் வீட்டுக்கே வந்தார். வெளிநாட்டில் ஏ320 டைப் ரேட்டிங், முடித்ததும் "வேலைக்கு உதவி" என்று வழவழப்பான காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார். உதவி என்றால் என்ன என்று கேட்டேன். சுயவிவரத்தை அனுப்பிவைப்பார்களாம். அதைச் செய்யப் பத்துப் பதினைந்து லட்சம் எதற்கு, தபால்தலை போதுமே. பணம் கட்டியபின்தான் சிமுலேட்டர் மட்டுமே தொகுப்பில் அடக்கம், உண்மையான விமானத்தில் இறங்கும் பயிற்சிக்குத் தனிக் கட்டணம் என்று தெரிந்தது. அதையும் கட்டினோம். ரேட்டிங் வந்தது. அடுத்த அழைப்பு வருவதற்குள் கடைசிச் சோதனை தேதி பழையதாகிவிட்டது. புதுப்பிக்க மறுபடி சிமுலேட்டர், மறுபடி பணம்.

வரன் அமையும் முன்னே மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவது போலத்தான் இது. தேதி நகர்ந்துகொண்டே போகும், முன்பணம் திரும்பாது.

இரவுப் பணி தம்பி சொல்லும் கணக்கு சரிதான், வேலை கிடைத்துவிட்டால். கிடைக்காதவன் வீட்டு வட்டிக் கணக்கை வங்கியில் போய்ப் பாருங்கள்.

இரவுப் பணி

அப்பா, உங்கள் மகனுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் அது தரகரிடம் சிக்கியதால் வந்தது, ரேட்டிங்கால் வந்ததில்லை. நான் இந்தியாவிலேயே டிஜிசிஏ அனுமதி பெற்ற மையத்தில் முடித்தேன்.

மட்டுறுத்துநர்

தரகர்கள், பயிற்சி மையங்கள் குறித்த சொந்த அனுபவத்தைப் பெயர் போடாமல் எழுதியதற்கு நன்றி. இனிவரும் பதிவுகளும் அப்படியே இருக்கட்டும். விலைப்பட்டியல் படங்களை ஒட்ட வேண்டாம்.

ரத்மலானை

கொழும்பிலிருந்து வணக்கம். எங்கள் பக்க நிலைமையையும் சொல்கிறேன், ஒப்பிட உதவும்.

இங்கே எந்த வகை என்ற குழப்பமே இல்லை. தேசிய விமான சேவையிடம் இருப்பது ஏ320 குடும்பமும் ஏ330உம் மட்டுமே. பயணிகள் சேவைக்குப் புதிதாக வந்த ஃபிட்ஸ் ஏர் நிறுவனமும் அதற்கு ஏ320தான் பறக்கிறது. ஆகவே சொந்தச் செலவில் ரேட்டிங் எடுக்க நினைப்பவர் யாராக இருந்தாலும் ஏர்பஸ்தான். சிக்கல் வேறு இடத்தில். சிமுலேட்டருக்கு வெளிநாடு போக வேண்டும், கட்டணம் டொலரில். 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தாண்டியது நினைவிருக்கும். பிப்ரவரியில் பணம் திரட்டத் தொடங்கிய குடும்பம் மே மாதத்தில் ஏறக்குறைய இரு மடங்கு திரட்ட வேண்டியிருந்தது. என்னோடு பயின்ற சிலர் அத்தோடு பறப்பதையே விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள்.

அதே நெருக்கடிக்குப் பிறகு அனுபவமுள்ள கப்டன்மார் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கே நேர்முகப் பரீட்சையில் கவனித்த ஒன்று: எமிரேட்ஸ் போன்ற நிறுவனங்கள் பறப்பது 777, ஏ380, இப்போது ஏ350. இந்த ரேட்டிங்குகளை யாரும் சொந்தமாக வாங்கிக்கொண்டு வருவதில்லை, அவர்களும் எதிர்பார்ப்பதில்லை. பல விமானிகள் சேர்ந்து இயக்கும் பெரிய விமானத்தில் எவ்வளவு அனுபவம், குழு வேலையில் ஆள் எப்படி என்பதையே பார்க்கிறார்கள். வகைப் பயிற்சியை அவர்களே கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போடுவார்கள்.

ஆறுகால் மேடை

சிமுலேட்டரில் பயிற்றுநராக இருக்கிறேன். டைப் ரேட்டிங் விற்பதால்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. அப்படியிருந்தும் இதைச் சொல்கிறேன்: வேலைக் கடிதம் இல்லாத 200 மணி நேரப் பிள்ளைக்கு ரேட்டிங் எடுக்கச் சொல்லி நான் அறிவுரை கூறமாட்டேன்.

ரேட்டிங் என்பது பத்திரமாக வைத்துப் பூட்டும் சொத்து இல்லை. பணியில் இருக்கும் விமானிகள் ஆண்டுக்கு இருமுறை திறன் சோதனைக்கு வருகிறார்கள். 90 நாளில் மூன்று முறையாவது ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. அனுபவசாலிகளுக்கே இவ்வளவு கட்டுப்பாடு இருக்கும்போது, ஒருமுறை படித்துவிட்டு ஓராண்டு வீட்டில் இருந்தவர் கைகளில் என்ன மிஞ்சும்? என் அனுபவத்தில் நான்கைந்து மாதத்திலேயே கரைந்துவிடுகிறது. முதலில் போவது வரிசைமுறை நினைவு. அடுத்தது கைப்பதம்.

நிறுவனத்தின் சிமுலேட்டர் தேர்வில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், ஏனென்றால் ரேட்டிங் வைத்திருப்பவருக்குத்தான் அந்தத் தேர்வு கடினம். டைப் ரேட்டிங் இல்லாதவரிடம் "இவருக்குக் கற்கும் திறன் இருக்கிறதா" என்று மட்டும் பார்ப்பார்கள். உங்கள் உரிமத்தில் ஏ320 இருந்தால் "இவர் ஏ320 விமானி" என்ற அளவுகோலைக் கையில் எடுப்பார்கள். விடியற்காலை இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கீடு கிடைக்கும். உட்கார்ந்த சில நிமிடங்களில் வழிகாட்டிக் கோடுகளை அணைத்துவிட்டு, தானியங்கியையும் விடுவித்து, வெறும் கருவி ஊசிகளைப் பார்த்து ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் வானலை) வழியாக இறங்கச் சொல்வார்கள். பக்கவாட்டில் உள்ள கட்டுப்பாட்டுப் பிடியை (சைட்ஸ்டிக்) தொட்டுவிட்டு விட வேண்டும். புதியவர்கள் அதைக் கிளறிக்கொண்டே இருப்பார்கள், விமானம் அலைபாயும்.

அடுத்து, ஓடுபாதையில் வி1 வேகத்தை (அதற்கு மேல் புறப்பாட்டை நிறுத்தக் கூடாது) தாண்டிய கணத்தில் எஞ்சின் தீ எச்சரிக்கை. மணி அலறும். பலரின் கை உடனே மேலே உள்ள தீ பொத்தானுக்குப் போகும். அங்கேயே தேர்வு முடிந்துவிடுகிறது. முதலில் விமானத்தை நேராகப் பறக்கவிட வேண்டும், சக்கரங்களை மடக்க வேண்டும், 400 அடி தாண்டும் வரை வேறு எதையும் தொடக் கூடாது. அந்தச் சில விநாடி கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தெரிந்தவரைத்தான் தேடுகிறோம். எதிர்வினை வேகம் எல்லா இளைஞர்களிடமும் இருக்கிறது.

எப்படியும் எடுத்தே தீருவேன் என்பவர்கள் பணம் கட்டும் முன் மையத்திடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: உண்மை விமானப் பயிற்சி தொகுப்பில் சேர்த்தியா, சோதனை அதிகாரி கட்டணம் யாருடையது, ஒரு அமர்வில் தேறாவிட்டால் கூடுதல் அமர்வு என்ன விலை, டிஜிசிஏ அனுமதி எந்தத் தேதி வரை. கோவை அப்பா சொன்ன இடத்தில்தான் பலரும் மாட்டுகிறார்கள்.

பழைய பறவை

அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் நிறுவனம் பல ஆண்டுகள் 737 ரேட்டிங் இல்லாதவரைப் பணியில் சேர்க்காமல் இருந்தது. சொந்தக் காசில் எடுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. அப்போது அந்தப் பக்கத்து விமானிகளுக்கு அது ஒரு முதலீடு, ஏனென்றால் அந்த நிறுவனம் பறந்தது 737 மட்டுமே. பிறகு ஆள் தட்டுப்பாடு வந்ததும் அந்த நிபந்தனையை அவர்களே எடுத்துவிட்டார்கள். நிறுவனத்துக்கு ஆள் தேவை என்றால் செலவை நிறுவனம் ஏற்கும், ஆளுக்கு வேலை தேவை என்றால் ஆள் ஏற்பார்.

அங்கே 200 மணி நேரத்தோடு பயணிகள் விமானத்தின் வலது இருக்கையில் உட்காரவும் முடியாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விபத்து நடந்த பிறகு 1,500 மணி நேர விதி வந்தது. அங்கு இளைஞர்கள் பயிற்றுநர் வேலை பார்த்து மணி நேரத்தைச் சேர்க்கிறார்கள். காற்றுத்திசை தம்பி, பயிற்றுநர் ரேட்டிங்கைப் பற்றி யோசித்தீர்களா? செலவு டைப் ரேட்டிங்கோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சம்பளம் சொற்பம்தான். ஆனாலும் பறந்துகொண்டே இருப்பீர்கள், கருவிப் பறப்பு ரேட்டிங் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வழி பிறக்கும், நேர்முகத் தேர்வில் "இந்த ஓராண்டு என்ன செய்தீர்கள்" என்ற கேள்விக்குப் பதில் இருக்கும். அந்தக் கேள்வி வராமல் போகாது.

காற்றுத்திசை

எல்லோருக்கும் நன்றி. பயிற்றுநர் யோசனை வீட்டிலும் எடுபடுகிறது.

ஏடிஆர் பற்றி யாரும் சொல்லவில்லையே? மேலும், ரேட்டிங் இல்லாமல் போனால் நேர்முகத் தேர்வில் விமான அமைப்புகளைப் பற்றிக் கேட்பார்களா? ஏ320 ஹைட்ராலிக்ஸை இப்போதே மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று அமைப்பு, இரண்டு எஞ்சினும் நின்றால் காற்றாடி வெளியே வந்து நீலத்துக்கு அழுத்தம் கொடுக்கும், இப்படி.

மீனம்பாக்கத்தான்

அதை நிறுத்திவிட்டு ஒன்றாம் ஆண்டுப் புத்தகத்தை எடுங்கள்.

நானே ஏடிஆரில்தான் தொடங்கினேன், அதனால் அதில் சாய்வு உண்டு. இண்டிகோ, அலையன்ஸ் ஏர், ஃபிளை91 ஆகியவை ஏடிஆர் 72 பறக்கின்றன. சென்னை–தூத்துக்குடி போன்ற தடங்களில் ஒரே நாளில் நான்கைந்து முறை ஏறி இறங்குவீர்கள். பருவமழைக் காலத்தில் மேகத்துக்கு மேலே போய்த் தப்பிக்கும் உயரமும் கிடையாது, அதனுள்ளேயே வழி தேட வேண்டும். கை நன்றாகப் பழகும். ஆனால் சொந்தச் செலவில் ஏடிஆர் ரேட்டிங் எடுத்தால் உங்களுக்கான இருக்கைகள் இன்னும் குறைவு. 737க்கு ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட். ஏ320க்கு இண்டிகோ, ஏர் இந்தியா, எக்ஸ்பிரஸின் ஒரு பகுதி. விமானங்களின் எண்ணிக்கைப்படி ஏ320 முன்னால் நிற்கிறது, அதையே எல்லோரும் எடுப்பதால் வரிசையும் அங்கேதான் நீளம்.

நேர்முகத் தேர்வுக்கு வருவோம். எழுத்துத் தேர்வு, கணினியில் மனத்திறன் சோதனைகள், சில இடங்களில் குழுப் பணி, கடைசியாக இரண்டு மூன்று பேர் கொண்ட குழு. அந்தக் குழுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ரேட்டிங் இல்லாத பிள்ளையிடம் ஏ320 ஹைட்ராலிக்ஸ் கேட்பது வீண். சாய்ந்த இறக்கை ஏன், டச்சு ரோல் என்றால் என்ன, உயரே போகப்போக ஸ்டால் வேகமும் ஒலிவேக வரம்பும் ஏன் நெருங்குகின்றன, இவற்றைத்தான் கேட்போம். 30,000 அடியில் இருக்கிறீர்கள், மூன்று டிகிரி சரிவில் இறங்க எவ்வளவு தூரத்தில் தொடங்குவீர்கள்? எத்தனை ஆயிரம் அடியோ அந்த எண்ணை மூன்றால் பெருக்கினால் 90 கடல் மைல். இறங்கும்போது தரைவேகம் 140 நாட் என்றால் நிமிடத்துக்கு எத்தனை அடி? ஐந்தால் பெருக்கு, 700. இதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருப்போம். அதை எடுக்காமல் கண்ணை மூடி யோசிப்பவர்களே அதிகம். எடுத்து எழுதுங்கள், யாரும் குறைவாக மதிப்பிட மாட்டார்கள்.

ரேட்டிங் உள்ளவர் வந்தால் எங்கள் கேள்வி மாறிவிடும். நார்மல் லா, ஆல்டர்நேட் லா (ஏ320 கணினிக் கட்டுப்பாட்டின் நிலைகள்), எந்தக் கோளாறில் எந்தப் பாதுகாப்பு போகும் என்று குடைவோம். பதினைந்து லட்சம் கட்டிப் படித்ததை ஆறு மாதத்தில் மறந்துவிட்டு வருபவர், எதையும் கட்டாமல் அடிப்படையைத் தெளிவாகச் சொல்பவரைவிட மோசமாகத் தெரிவார். இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கணக்குப்புலி

ஈரமான ஓடுபாதைக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டயர் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் அலகில் வரும். அழுத்தம் பிஎஸ்ஐ அலகில். 200 பிஎஸ்ஐ என்றால் வர்க்கமூலம் 14.1, ஆக ஏறத்தாழ 127 நாட். உடனே அடுத்த கேள்வி வரும்: "சக்கரம் சுழலாமல் இருந்தால்?" அப்போது ஒன்பதுக்குப் பதில் 7.7. ஏறத்தாழ 109 நாட். அதாவது தரையைத் தொட்டபோது சுழலவே தொடங்காத சக்கரம் இன்னும் குறைந்த வேகத்திலும் மிதக்கும். பிரேக் பிடித்தும் பயன் இல்லாத நிலை அதுதான். சூத்திரத்தை ஒப்பித்துவிட்டு நின்றால் பாதி மதிப்பெண், இதைச் சொன்னால் முழு மதிப்பெண்.

பழைய பறவை

நுட்பக் கேள்வியில் யாரும் தோற்பதில்லை, அதைப் படித்துவிடலாம். ஆளைச் சாய்ப்பது வேறொரு கேள்வி: "கேப்டன் ஓடுபாதையைத் தவறாக நெருங்கி இறங்குகிறார், நீங்கள் சொல்லியும் கேட்கவில்லை, என்ன செய்வீர்கள்?"

இது கற்பனைக் கேள்வி இல்லை. 2010 மே 22, மங்களூரு, 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள். துணை விமானி மேலே போகச் சொன்ன குரல் பதிவாகியிருந்தது. 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு, மழை, பின்காற்று, 21 பேர் இறந்தார்கள். அங்கும் துணை விமானி "கோ அரவுண்ட்" (இறங்காமல் மேலே ஏறு) என்று சொல்லியிருக்கிறார். விமானம் ஓடுபாதையின் பாதி தூரம் கடந்த பிறகே தரையைத் தொட்டது. இரண்டுமே மேசை போன்ற குன்றின் மேல் அமைந்த ஓடுபாதைகள், முடிவில் பள்ளம்.

"மரியாதையாக எடுத்துச் சொல்வேன்" என்று பதில் சொன்னால் குழு அமைதியாகப் பார்க்கும். "கட்டுப்பாட்டை உடனே பிடுங்குவேன்" என்றாலும் அதே பார்வைதான். முதலில் விலகலைச் சொல்வேன், பதில் இல்லையென்றால் "கோ அரவுண்ட்" என்று தெளிவாக, நிறுவனம் வகுத்த சொற்களில் சொல்வேன், அதற்கும் அசைவில்லையென்றால் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வதாக அறிவித்து எடுப்பேன், எந்த உயரத்தில் எந்தப் படி என்பதையும் முன்கூட்டியே மனத்தில் வைத்திருப்பேன். இந்த வரிசையைச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கிறார்கள். கூடத்தில் அது நல்ல பழக்கம். விமானி அறையில் ஆயிரம் அடிக்குக் கீழே அதற்கு இடமில்லை. ஆறுகால் மேடை இதை வேறு விதமாகச் சொல்லக்கூடும்.

ஆறுகால் மேடை

இல்லை, நூற்றுக்கு நூறு சரி. கூடுதலாக ஒன்று. சில பிள்ளைகள் இந்தப் பதிலை எங்கோ படித்துவிட்டு வரி மாறாமல் ஒப்பிப்பார்கள். அப்போது குழுவில் ஒருவர் கேட்பார்: "உங்கள் பயிற்சிக் காலத்தில் பயிற்றுநரிடம் இப்படி மறுத்துச் சொன்னது உண்டா?" சொந்தச் சம்பவம் ஒன்று தயாராக இருக்கட்டும். சின்னதாக இருந்தால் போதும்: வானிலை சரியில்லை என்று போகவேண்டாம் என்றது, எரிபொருள் கணக்கு இடித்ததைச் சுட்டியது.

கோவை அப்பா

மகனிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். அவன் தலையாட்டினான். தரகரிடம் போகும் முன் இந்த இழை இருந்திருக்கலாம்.

இரவுப் பணி

சரி, ஓரளவு ஒத்துப்போகிறேன். ஆனால் என் பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. பணம் வட்டிக்கு வாங்காமல் கையில் இருக்கிறது, ரேட்டிங் மட்டும் உள்ள புதியவர்களையும் எடுப்போம் என்று ஒரு நிறுவனம் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது, சிமுலேட்டர் தேதியும் உடனே கிடைக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் எடுங்கள். நான் எடுத்தபோது மூன்றும் இருந்தன. ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். வேலையில் சேர்ந்த பிறகு பிடிக்கவில்லை என்று உடனே மாறிவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 2017 முதல் டிஜிசிஏ விதிப்படி துணை விமானி விலக ஆறு மாத அறிவிப்பு கொடுக்க வேண்டும், கேப்டன் ஓராண்டு. நிறுவனமே ரேட்டிங் கொடுத்தால் அதற்கு மேல் ஒப்பந்தத் தொகையும் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பக்கத்தை வீட்டில் உட்கார்ந்து படியுங்கள்.

காற்றுத்திசை

ரேட்டிங் இல்லாதவர்களுக்கான ஓர் அறிவிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன், எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. டைப் ரேட்டிங் மையத்திடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவர்கள் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள், மறுநாள் இன்னும் கொஞ்சம் தள்ளுபடி. பயிற்றுநர் ரேட்டிங்குக்கும் பழைய பறவை ஐயா சொன்னபடி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

பறப்புப் பதிவேடு மூலப் பிரதி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அதில் என்ன பார்ப்பார்கள்?

ஆறுகால் மேடை

கூட்டுத்தொகையைப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியில் உள்ள மொத்தத்தையும் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோன எண்ணையும் பென்சிலால் இன்றே சரிபாருங்கள். இரவு நேரம், தனிப்பறப்பு நேரம், கருவி நேரம் ஆகிய மூன்று பத்திகளில்தான் பிழை ஒளிந்திருக்கும். பிழை இருந்தால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, பயிற்சிப் பள்ளியில் கையொப்பம் வாங்குங்கள்.

பிறகு உங்கள் 300 கடல் மைல் தனிப்பறப்பு உள்ள பக்கத்தில் ஒரு காகிதத்துண்டு வையுங்கள். குழுவில் ஒருவர் அதைத்தான் திறந்து, அன்று காற்று எப்படி இருந்தது, மாற்று விமான நிலையமாக எதை வைத்திருந்தீர்கள், எவ்வளவு எரிபொருளோடு இறங்கினீர்கள் என்று கேட்பார். வரைபடம் வீட்டில் இருந்தால் முந்தின இரவு ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.